பழத்தை விடுங்கள், முதலில் தானியத்தைக் கவனியுங்கள்

தானியமும் பழமும் சேர்த்துக் கோடைக்குச் செய்யும் சாலட்டைப் பற்றிப் பேசும்போது எந்தப் பழத்தைப் போடலாம் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. பலமுறை செய்து பார்த்த பிறகு, அந்தச் சாலட் நன்றாக அமைவதும் அமையாததும் தானியத்தின் பதத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன்.

நான் முதன்முதலில் செய்த பார்லி சாலட் ஒரு மணி நேரத்துக்குள் கூழாகிப் போனது. வெந்த பார்லியை அலசாமலும் ஆறவிடாமலும் அதன்மேல் தர்பூசணித் துண்டுகளையும் உப்பையும் சேர்த்துக் கிளறியதுதான் நான் செய்த பிழை. தர்பூசணியில் நூற்றுக்குத் 90 பங்குக்கு மேல் நீர்தான். உப்புப் பட்டவுடன் அந்த நீர் வெளியேறிக் கிண்ணத்தின் அடியில் தேங்கிவிடும்.

இப்போது தீட்டிய பார்லியை அளவு பார்த்து நீர் வைத்து வற்றவிடாமல், தாராளமான உப்பு நீரில் 25 முதல் 30 நிமிடம் வரை, கடித்தால் சற்றே எதிர்ப்புக் காட்டும் பதத்துக்கு வேகவைத்து வடித்துவிடுகிறேன். அதன் கொழகொழப்புக்குக் காரணமான பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தில் ஒரு பகுதி வடித்த நீரோடும், பிறகு ஒரு முறை அலசும் நீரோடும் போய்விடுவதால் மணிகள் ஒட்டாமல் உதிரியாக நிற்கின்றன. குயினோவாவாக இருந்தால் சமைப்பதற்கு முன்பே நன்றாகக் கழுவ வேண்டும். அதன் மேற்புறத்தில் உள்ள சபோனின் என்ற இயற்கைப் பொருள் கசக்கும்.

வடித்த தானியத்தை அகலமான தட்டில் பரப்பி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஒரு பங்கு எலுமிச்சைச் சாறு, இரண்டு பங்கு எண்ணெய், உப்பு, மிளகு ஆகியவற்றைக் கலந்து ஊற்றிவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன். சூடு முழுவதும் தணிந்த தானியம் சாற்றை உள்ளே வாங்காமல் மேலேயே நிறுத்திவிடுகிறது. பிறகு எவ்வளவு கிளறினாலும் புளிப்பு தனியாகவும் மாவுச்சுவை தனியாகவுமே தெரியும். ஆனால் ஆறட்டும் என்று மணிக்கணக்கில் வெளியே வைத்துவிடக் கூடாது. சமைத்த தானியத்தில் கொதிநீரையும் தாங்கும் பாக்டீரியா வித்துகள் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டிக்குள் சென்றுவிட வேண்டும்.

பழத்தைப் பொறுத்தவரை இரண்டு வகை போதும்; அதற்கு மேல் சேர்த்தால் எதன் சுவையும் தெரிவதில்லை. மாதுளை முத்துகளையும் ஆரஞ்சுச் சுளைகளையும் நான் விரும்பிச் சேர்ப்பேன். ஆரஞ்சில் உள்ள வைட்டமின் சி, தானியத்தின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது என்பது கூடுதல் மகிழ்ச்சி. ஆப்பிளை நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் பழுப்பேறுவது மட்டுப்படும். சமைக்காத அன்னாசியைத் தயிர் சேர்த்த சாலட்டில் போடாதீர்கள். அதில் உள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தை உடைத்துக் கசப்பேற்றிவிடும்.

பழத்தையும் கிள்ளிய புதினாவையும் வறுத்த கொட்டைகளையும் உண்பதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். குளிர்ச்சியில் சுவை மங்கித் தெரியும் என்பதால், பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்து, மீண்டும் ருசி பார்த்து, தேவைப்பட்டால் ஒரு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பரிமாறுங்கள்.