என் அம்மாவின் தட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த உடல்நல முகாமைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். முழுக் கதையையும் நான் மறுபடி சொல்லப் போவதில்லை. "மூன்று வேளையும் சோறா? அதுவும் இவ்வளவா?" என்று பயிற்சியாளர் ஒலிபெருக்கியில் கேட்டதும் கூடமே சிரித்ததல்லவா, அந்தக் கேள்விக்குத் தலைகுனிந்து நின்ற பெண் என் அம்மா.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உடல் எவ்வளவு உழைக்கிறது என்று கேட்காமல் ஒருவரின் சோற்றைக் குறைக்கச் சொல்லக் கூடாது. குறைக்கச் சொன்னால், அதற்குப் பதிலாக எதை, எந்தப் பணத்தில் வாங்குவது என்றும் சொல்ல வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்த வேலை செய்தால் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். கடும் உழைப்பு என்றால் 2,720 வேண்டும். இடைவெளி 1,060 கலோரி, அதாவது ஏறக்குறைய 300 கிராம் அரிசி. காலையிலிருந்து மாலை வரை சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்து, மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு ஏறுகிற என் அம்மாவின் தட்டில் நீங்கள் பார்த்துச் சிரித்தது அந்த 300 கிராமைத்தான்.

முகாமில் அவருக்குக் கொடுத்த சீட்டில் இருந்தவை: வெறும் வயிற்றில் ஐந்து கிலோமீட்டர் நடை, தினமும் ஆறு முட்டை வெள்ளைக்கரு, ஓட்ஸ், பட்டர் ஃப்ரூட். முட்டை ஆறரை ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,170 ரூபாய் ஆகிறது. இதில் மஞ்சள் கருவை வேறு எறிந்துவிட வேண்டுமாம். ஒரு முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது. பட்டர் ஃப்ரூட் குன்னூருக்குக் கீழே நம் சரிவுகளிலேயே காய்ப்பதுதான், ஆனால் காய்க்கிற ஊர்க்காரர்கள் எல்லாராலும் அதை விலை கொடுத்து வாங்கிவிட முடியாது.

இந்த அறிவுரையை நானும் ஒரு காலத்தில் நம்பியவன். 24 வயதில், கையில் இருந்த பணத்தையெல்லாம் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கட்டிவிட்டு, சோற்றை நிறுத்தி, விடியற்காலைக் குளிரில் வெறும் வயிற்றோடு மேட்டுச் சாலையில் ஓடினேன். எடை குறைந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை; கொழுப்போடு தசையும் கரைகிறது என்று சொல்வதற்கு அங்கே ஆள் இல்லை. மூன்றாவது வாரம் கண் இருட்டிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். காய்கறி லாரி ஓட்டி வந்த ஒரு அண்ணன் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்ததால்தான் வீடு வந்து சேர்ந்தேன். அதன் பிறகு என்னைத் தேற்றியது ரேஷனில் கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைத்த துவரம் பருப்பும், மீல் மேக்கரும், வறுத்த நிலக்கடலையும், அம்மா கிண்டிய ராகிக் களியும். ஐம்பது கிராம் மீல் மேக்கரில் சுமார் 26 கிராம் புரதம் இருக்கிறது. முகாமில் இதை ஒருவர்கூடச் சொல்லவில்லை, டப்பாவில் அடைத்து விற்கும் புரத மாவைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார்கள்.

"வெறும் சோறாகத் தின்றால் சர்க்கரை நோய் வராதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், சோற்றோடு பருப்பும் பயறும் கீரையும் கூடத்தான் வேண்டும். எங்கள் வீட்டிலும் மாதக் கடைசியில் குழம்பு தண்ணீராகிவிடுகிறது, மறைக்கவில்லை. ஆனால் அப்போது கூட்ட வேண்டியது பருப்பையா, குறைக்க வேண்டியது சோற்றையா? பருப்பைக் கூட்டச் சொல்லப் பணம் பற்றிப் பேச வேண்டியிருக்கும். சோற்றைக் குறைக்கச் சொல்லச் செலவே இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் அந்த அறிவுரை அவ்வளவு எளிதாக வாயில் வருகிறது.

"பயிற்சியாளர் நல்லெண்ணத்தில்தானே சொன்னார்?" என்பவர்களுக்கு: நல்லெண்ணம் இருப்பவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டிருப்பார்.

இதை நான் கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஆமாம். ஞாயிறு இரவு அம்மா தட்டில் போட்ட சோற்றில் பாதியை எடுத்துப் பானையில் திரும்பப் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "போதும்பா, எனக்கு வயசாகுதில்ல" என்றார். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வழக்கம்போலக் கொழுந்து பறிக்கப் போய்விட்டார்.