பூவெடுக்கப் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது?

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னத் தொண்டு அமைப்பில் ஆறு வருஷம் கணக்கு எழுதினேன். நாங்கள் நடத்திய குழந்தைகள் காப்பகத்தை மூடிய நாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆயாக்கா தொட்டில் சேலைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார். வாசலில் கைப்பிள்ளையோடு நின்ற ஒரு பெண், "நாளையிலருந்து இவன எங்கக்கா போட்டுட்டுப் போவேன்?" என்று கேட்டாள். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைகள் வராமல் மூடவில்லை. மானியம் வராமல் மூடினோம்.

அப்போது இருந்த தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் 2017 ஜனவரியிலிருந்து செலவில் நூற்றுக்கு 60 மத்திய அரசும், 30 மாநில அரசும், மீதி 10 நடத்துகிற அமைப்பும் போட வேண்டியிருந்தது. பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. மாதத்துக்கு 26 நாள், நாளைக்கு ஏழரை மணி நேர வேலை. அந்தப் பணமும் எங்களுக்கு எட்டு மாதம் வரவில்லை. ஒரு தவணை மார்ச் கடைசியில் வந்து விழுந்தது. 31ஆம் தேதிக்குள் செலவைக் காட்டுங்கள், பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது என்றார்கள். அதுவரை பாலும் முட்டையும் கடையில் கடன். ஆயாக்கா தன் தோட்டை அடகு வைத்து அந்தக் கடனில் பாதியை அடைத்திருக்கிறார். எங்களிடம் சொல்லவே இல்லை. அடகுச் சீட்டு நோட்டுக்குள் இருந்து விழுந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் தப்பும் ஒன்று உண்டு. மல்லிகை மொட்டு விரியுமுன் எடுத்தாக வேண்டும். நாலு, ஐந்து மணிக்கே பெண்கள் தோட்டத்தில் நிற்பார்கள். நாங்கள் திறந்தது ஒன்பது மணிக்கு. பார்வையிட வருகிறவர்கள் பகலில்தான் வருவார்கள் என்று நேரத்தை மாற்றாமலே விட்டுவிட்டோம்.

மதுரையில் மானியம் பற்றிப் பேசினால் உடனே களஞ்சியத்தை, பெண்கள் சிறுகச் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் குழுக்களை, காட்டுவார்கள். "அவங்க சொந்தக் காசுல சாதிக்கலையா?" சாதித்தார்கள். புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மா கூலி வேலை பார்த்துக்கொண்டே பெண்களைத் திரட்டிச் சேமிக்கவைத்தவர். 2001இல் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. அவரை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரும். ஆனால் சிறுவாட்டுப் பணம் கடனாகப் போய் வட்டியோடு திரும்ப வேண்டிய பணம். கறவை மாடு வாங்கினால் பால் காசில் அடைக்கலாம். ஊரான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டினால் எதை வைத்து அடைப்பது? புருஷன் அடித்துத் துரத்திய பெண்ணோடு ராத்திரி ஸ்டேஷனுக்குத் துணை போகிறவளுக்கு யார் கூலி கொடுப்பது? அரசு மானியம் இங்கேதான் வேண்டும்.

கிடைக்கிறதோ பொருளாகக் கிடைக்கிறது. தையல் மெஷின் கேட்டோம், வந்தது. ஆளுக்குச் சம்பளம் என்று எழுதினோம், நிர்வாகச் செலவு அதிகம் என்று அடித்துவிட்டார்கள். காப்பகத்தில் ஆயாக்காதானே திட்டமே? அவரை நிர்வாகச் செலவு என்று எழுத எப்படி மனசு வருகிறது?

செய்ய முடியாத காரியமில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று நம் சிம்மக்கல் பள்ளியில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இன்று கிராமங்களில் மகளிர் குழுப் பெண்களே சமைக்கிறார்கள், பள்ளி மணி அடிக்குமுன் சாப்பாடு தயார். பள்ளிக்குப் போகிற அக்காவுக்காக விடியற்காலையில் அடுப்பு பற்றவைக்க ஏற்பாடு இருக்கிறபோது, வீட்டில் கிடக்கும் ஒரு வயதுத் தம்பியைப் பார்க்கவும் ஒரு ஆள் போடலாம். சம்பளத்தை மாதம் பிறந்ததும் அவர் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். திறக்கிற நேரத்தை அந்த ஊர்ப் பெண்கள் சொல்லட்டும்.

வருகிற கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். ஆயாக்காவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறார். காப்பகத்தில் வேலை பார்த்த நாலு மாதச் சம்பளப் பாக்கி அவருக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.