துளை போட்ட துணியை நான் என்ன செய்வது?

என் பழைய காருக்கு 300 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய புது ஹூட், அதாவது துணிக் கூரை, கராஜ் தரையில் கிடக்கிறது. பின்பக்க வலது வளைவில் துணியில் வரிசையாகப் பட்டன்கள், வண்டி உடம்பில் அவற்றை மாட்ட வரிசையாகச் சின்ன உலோக முளைகள். முதல் பட்டனை முளையில் உட்கார வைத்தால் அடுத்தது அரை விரல் தள்ளி நிற்கிறது. அதற்கடுத்தது ஒரு விரல். கடைசிப் பட்டனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதிலேயே போய்விட்டது. வயிறு எரிகிறது.

வண்டி 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்தார்கள். மேலே தகரக் கூரை கிடையாது, துணிதான். அந்தத் துணிக் கூரையைத்தான் இங்கிலாந்தில் ஹூட் என்கிறார்கள். நான் இருப்பது கோவென்ட்ரியில். எந்த மாதத்திலும் மழை வரும் ஊர். ஹூட் சரியாக உட்காராவிட்டால் சீட்டு நனையும், தரைவிரிப்பு நனையும், அடித்தகட்டில் துரு ஏறும். ஆகவே இதை அழகு சமாச்சாரம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

விளம்பரத்தில் என்ன போட்டிருந்தார்கள்? 'பட்டன்கள் எல்லாம் பொருத்தப்பட்டவை, அப்படியே மாட்டலாம்.' யாருடைய வண்டியில் அளந்து பொருத்தினீர்கள்? எம்ஜிபியின் பின்பக்க நடுவில் ஒரு நீளப் பட்டை இருக்கிறது. அது உடம்பில் உள்ள கொக்கிகளுக்குள் நுழைந்துகொள்ளும். அது எல்லா வண்டிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் வளைவில் வரும் முளைகள் அப்படியல்ல. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி இது. துரு தின்ற பின்பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைக்காத வண்டி எத்தனை மிஞ்சியிருக்கும்? புதுத் தகட்டில் முளைக்கான துளையை வேலை செய்தவர் தன் கையால்தான் போட்டிருப்பார். அவர் கண்ணுக்குப் பட்ட இடம்தான் இடம். என் வண்டியிலும் வலது பக்கத் தகடு எப்போதோ மாற்றியதுதான். இடது பக்கம் ஓரளவு பொருந்துகிறது, வலது பக்கம் பொருந்தவே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. பழைய வண்டிக்குத் துணி தைத்து விற்கிறவருக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

சரியான முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன் கண்ணாடிச் சட்டத்தில் துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பின்னால் நடுப்பட்டையை மாட்ட வேண்டும், கூரைச் சட்டத்தை முழுக்க நிமிர்த்த வேண்டும். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஒவ்வொரு முளை மேலும் துணியை இழுத்து வைத்து, சாக்குக்கட்டியால் குறித்து, ஒரு துளை, ஒரு பட்டன். அது பிடித்த பிறகுதான் அடுத்தது. அதனால் வளைவுக்கு வேண்டிய பட்டன்களைத் தனிப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல், மேசையில் விரித்து வரிசையாகக் குத்தித் தள்ளியிருக்கிறார்கள்.

குத்தியதையாவது ஒழுங்காகக் குத்தினார்களா? இந்தப் பட்டனின் பெயர் லிஃப்ட் த டாட். இதை நம் வீட்டு பிரஸ் பட்டன் மாதிரி நினைக்கக் கூடாது. மூன்று பக்கமும் முளையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும், ஒரே ஒரு பக்கம் தூக்கினால்தான் விடும். அந்தப் பக்கத்தில் தகட்டின் மேல் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். புள்ளி துணியின் ஓரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தை விரலால் தூக்கியதும் கழலும், துணி மேலிருந்து இழுக்கும்போது கழலாது. அவ்வளவு அருமையான அமைப்பு. எனக்கு வந்த ஹூட்டில் ஒரு பட்டனைப் புள்ளி மேலே பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்கள்! துணி எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கமே அது திறக்கும். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து ஹூட்டை ஊதும்போது முதலில் விடப் போவது அதுதான். அது விட்டால் பக்கத்துப் பட்டன் மேல் பாரம் விழும். இதை அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். "வினைல் இழுபடும், வெயிலில் போட்டு மாட்டுங்கள்" என்றார்கள். போட்டேனே! குளிரில் வினைல் விறைத்துக்கொள்ளும், சூடேறினால் இளகும், அது எனக்கும் தெரியும். சனிக்கிழமை நல்ல வெயில். காலை முழுக்க விரித்து வைத்தேன். அக்கா மகன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். "மாமா, இன்னும் இழுத்தா தையல் விட்டுடும்" என்று அவன்தான் நிறுத்தினான். இளகிய துணி கொஞ்சம் கொடுக்கும், அவ்வளவுதான். பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே அரை விரல் அளவு தப்பாகக் குத்தியதை எந்த வெயில் சரி செய்யும்?

அதற்கு வந்த பதில்தான் என்னால் தாங்க முடியாதது. "அப்படியானால் முளையை இடம் மாற்றிக்கொள்ளுங்கள்." அதாவது, அவர்கள் துணியில் தப்பாகப் போட்ட துளைக்காக நான் வண்டி உடம்பில் புதுத் துளை போட வேண்டும். பெயின்ட் அடித்த எஃகுத் தகடு அது. ட்ரில் வைத்த இடத்தில் வெறும் இரும்பு தெரியும், அதில் தண்ணீர் இறங்கும், அடுத்த குளிர்காலத்துக்குள் பெயின்டுக்கு அடியில் துரு கொப்பளிக்கும். பழைய துளைகளை வேறு நிரப்பி மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டும். இந்தச் செலவில் இன்னொரு ஹூட்டே வாங்கிவிடலாம்.

முளை என்றதும் ஞாபகம் வருகிறது, அது தனிக் கதை. இரண்டு முளைகள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. தனியாக ஒரு பொட்டலம் வாங்கினேன். அதன் மேல் 'பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு' என்று மட்டும் அச்சடித்திருக்கிறது. முளையைத் திருகி ஏற்றும் மரை எந்த வகை? ஒரு எழுத்து இல்லை. இந்த அளவில் மூன்று மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் வகையான 2 பிஏ, விட்டம் 4.7 மி.மீ. அங்குலக் கணக்கிலான 10-32 யுஎன்எஃப், 4.83 மி.மீ. மெட்ரிக் எம்5, 5 மி.மீ. மரை இடைவெளி மூன்றுக்கும் கிட்டத்தட்ட 0.8 மி.மீ.தான். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் தப்பான முளையும் முதல் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும். மூன்றாவதில் இறுகும். பெயின்ட் அடைத்திருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகுவோம். தகட்டுக்குப் பின்னால் பழைய உரிமையாளர் வெல்டு வைத்த நட்டின் மரை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது. அது 2 பிஏ நட். வந்த முளை 10-32. பொட்டலத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த நட் பிழைத்திருக்கும். ஒரே ஒரு வரி! பொட்டலத்தின் பாதியை யூனியன் ஜாக் கொடிக்கு ஒதுக்க முடிகிறது, மரையின் பெயருக்கு இடமில்லையா?

இந்த வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வார இறுதியில் சொந்தக் கையால் வேலை செய்கிறவர்கள். நாங்கள் பொறுமையாக அளப்போம், குறிப்போம், இரண்டு முறை சரிபார்ப்போம். செய்துவிட்டால் மாற்ற முடியாத வேலைகள் இதில் இரண்டுதான்: தகட்டில் துளை போடுவது, துணியில் துளை போடுவது. அந்த இரண்டை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 'பொருத்தியது' என்று சொல்லி விற்றால் என் வண்டியின் முளைகளுக்கு நடுவே உள்ள அளவைக் கேட்டு வாங்கிவிட்டுக் குத்துங்கள். அது முடியாதென்றால் குத்தாதீர்கள்.

இன்று காலை ஹூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதினேன். மதியம் பதில் வந்தது. துணியில் துளைகள் இருப்பதால் திருப்பி எடுக்க இயலாதாம். படங்களோடு மறுபடி எழுதியிருக்கிறேன். அந்தத் துளைகளில் ஒன்றைக்கூட நான் போடவில்லை.