கத்தி பட்டுச்சா, குத்தினானா?

"கொல்லணும்னு நினைச்சு அவன் குத்தலையே, அப்புறம் எப்படிக் கொலைக் குற்றச்சாட்டு?" கத்திக்குத்துச் செய்தி எது வந்தாலும் கோப்பிக்கடை மேசையில் இந்தக் கேள்வி எழும். கேள்வி நியாயமானது. சிங்கப்பூர்ச் சட்டம் சொல்லும் பதில்தான் பலருக்குத் தெரிவதில்லை.

தண்டனைச் சட்டத் தொகுப்பின் 300-ஆம் பிரிவில் கொலைக்கு நான்கு கிளைகள். உயிரை எடுக்கும் எண்ணம் முதல் கிளைக்கு மட்டுமே கட்டாயம். அது நிரூபணமானால் தூக்கு, வேறு வழியில்லை. மற்ற மூன்றிலும் மரண தண்டனையா, ஆயுள் தண்டனையா என்பதை நீதிபதி முடிவுசெய்யலாம் என்ற நிலை 2013-இல்தான் வந்தது.

சிக்கல் மூன்றாம் கிளையில்: வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம் இயல்பாக உயிர் போகப் போதுமானதாக இருந்தால் அதுவும் கொலை. 1958-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விர்சா சிங் வழக்கில் வகுத்த சோதனையைத்தான் இங்கும் பின்பற்றுகிறார்கள். என்ன காயம், எந்த இடத்தில்? அந்தக் காயத்தை ஏற்படுத்த வேண்டும் என்றே செய்தாரா, கை தவறியதா? இயல்பாக உயிர் போகப் போதுமான காயமா? கடைசிக் கேள்விக்கு விடை சொல்வது தடயவியல் மருத்துவர். குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. 2005-இல் ஒரு வழக்கு: தப்பியோடக் கூடாதென்று கொள்ளையர்கள் ஒருவரைக் காலில் குத்தினார்கள். தொடையின் பெரிய இரத்தநாளம் அறுந்து அவர் இறந்துபோனார். உயர் நீதிமன்றம் கொலை இல்லை என்றது, மேல்முறையீட்டு நீதிமன்றம் கொலைதான் என்றது. காலில்தானே குத்தினோம் என்ற வாதம் எடுபடவில்லை. என் பார்வையில் இது மிகக் கடுமையான கிளை.

காயத்தின் ஆழத்தை வைத்து ஆத்திரத்தை அளப்பவர்களும் உண்டு. கூரான கத்தி தோலைத் துளைத்துவிட்டால் உள்ளே போக அதிக விசை தேவையில்லை. எலும்பு வெட்டுப்பட்டிருந்தால் அது வேறு கதை.

தற்காப்புக்கு வருவோம். உடைந்த போத்தலோடு ஒருவன் பாய்கிறான், நீங்கள் கத்தியை எடுக்கிறீர்கள். உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமாக அஞ்சினால், உயிர் போகும் அளவுக்குக்கூடத் திருப்பித் தாக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் போலிசை நாட நியாயமான வாய்ப்பு இருந்திருக்கக் கூடாது; தேவைக்கு மேல் தாக்கவும் கூடாது. போத்தல் கீழே விழுந்து, அவன் திரும்பி ஓடும்போது முதுகில் இறங்கிய குத்துக்குத் தற்காப்பு என்று பெயரில்லை. பெரும்பாலும் வாதம் உடைவது இந்த இரண்டாவது குத்தில்தான்.

தற்காப்புதான் என்று நிரூபிக்கும் சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில். சாட்சியச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு அப்படி. ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டாம். 'இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். நல்லெண்ணத்தோடு, திட்டமிடாமல், தேவைக்கு மேல் காயப்படுத்தும் எண்ணமும் இல்லாமல் எல்லை மீறியிருந்தால் அது கொலையல்ல, மரணம் விளைவித்த குற்றம். அப்போதும் ஆயுள் தண்டனைவரை போகலாம்.

இன்னொரு பொறி வாக்குமூலம். குற்றச்சாட்டை வாசித்ததும் போலிசார் எச்சரிக்கை ஒன்று கொடுப்பார்கள்: தற்காப்பு வாதத்தை இப்போது சொல்லாமல் விசாரணையில் புதிதாகச் சொன்னால் நீதிபதி நம்பாமல் போகலாம். பயத்தில் வாயை மூடிக்கொள்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் மொழிக்கென்றே ஒரு வம்பும் இருக்கிறது. "குத்தினேன்" வேறு, "குத்திட்டேன்" வேறு, "கத்தி பட்டுருச்சு" முற்றிலும் வேறு. "தட்டை உடைச்சிட்டேன்" என்றால் வேண்டுமென்றே உடைத்ததாக எந்தத் தமிழரும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றும் ஒன்றாகிவிடலாம். பிள்ளையை அதட்டும் "கொன்னுடுவேன்" கூட அங்கே மிரட்டலாகத் தெரியும். விர்சா சிங் சோதனையின் இரண்டாவது கேள்வி, வேண்டுமென்றா கை தவறியா என்பது, தொங்கிக்கொண்டிருப்பது இந்த "ட்டேன்"இல்தான். பதிவான வாக்குமூலத்தைத் திரும்ப வாசித்துக் காட்டுவார்கள், அப்போது திருத்தச் சொல்லலாம். மொழிபெயர்ப்பாளரிடம் "நான் சொன்ன சொல் அது இல்லை" என்று சொல்ல வேண்டிய நேரம், கையெழுத்துப் போடுவதற்கு முன்.