எத்தனை நாளைக்கு ஒறம்பரை?

"எந்தூருங்க?" என்று கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறவர்களைப் பார்த்து எனக்கு ரொம்ப நாள் பொறாமை இருந்தது. எனக்கு அந்தப் பதில் கதை மாதிரி நீளும். அப்பா போர்வெல் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ரிக் வண்டிகள் கர்நாடகா, ஆந்திரா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கேயோ ஆழ்துளைக் கிணறு போடப் போகும். அப்பா காலத்தில் டிரில்லரிலிருந்து சமையல்காரர் வரை பெரும்பாலும் நம்ம பக்கத்து ஆட்கள்தான், போனால் மாதக்கணக்கில் வீடு திரும்ப மாட்டார்கள். சில பேர் போன இடத்திலேயே ஆபீஸ் போட்டு, பெண்டாட்டி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படிப் போன குடும்பம் எங்களுடையது.

நான் 1990இல் ராய்ப்பூரில் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழில் மத்தியப் பிரதேசம் என்று இருக்கிறது. 2000 நவம்பர் 1ஆம் தேதி சத்தீஸ்கர் தனியாகப் பிரிந்தது, நாங்கள் இருந்த வீடு அதேதான், மாநிலம் மட்டும் வேறாகிவிட்டது. அடுத்த வருஷம் வாரங்கல் போனோம். அப்போது அது ஆந்திரா, 2014 ஜூன் 2ஆம் தேதியிலிருந்து தெலங்கானா. லீவுக்கு வந்துபோன திருச்செங்கோடு கூட நான் பிறந்தபோது சேலம் மாவட்டத்தில் இருந்தது, 1997இலிருந்து நாமக்கல் மாவட்டம். என்னுடைய பழைய விலாசம் எதையும் இன்றைக்கு அப்படியே எழுதித் தபால் போட முடியாது.

ராய்ப்பூரில் எனக்குப் பெயர் மதராஸி. வாரங்கலில் அரவப் பிள்ளை, அங்கே தமிழை அரவம் என்பார்கள். சரி, நம்ம ஊருக்குப் போனால் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு 2005இல் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஹாஸ்டலில் சேர்ந்தேன், முதல் வாரமே இந்திக்காரி ஆகிவிட்டேன். வீட்டில் பேசியதெல்லாம் நல்ல கொங்குத் தமிழ், ஆனால் படிக்கத் தெரியாது. வகுப்பில் எழுந்து நின்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது ஆசிரியர் சிரித்தார், அவர் சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்படி வளர்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு, மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள் என்று. ரூத் ஹில் யூசீம் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950களில், இந்தியாவில் வந்து வேலை பார்த்த அமெரிக்கக் குடும்பங்களைக் கவனித்துவிட்டு உருவாக்கிய சொல் அது. பெற்றோரின் பண்பாடு ஒன்று, இருக்கிற ஊரின் பண்பாடு ஒன்று, இரண்டுக்கும் நடுவில் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொள்கிறார்கள் என்பது கருத்து. படித்தபோது ஆறுதலாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு வருகிற இடத்திலெல்லாம் தூதரக அதிகாரியின் பிள்ளைகள், பெரிய கம்பெனி மேனேஜரின் பிள்ளைகள்தான் வருகிறார்கள். போர் வண்டிக்காரர் பிள்ளைகளையும் நூல் மில்லுக்கு வந்தவர்கள் பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமலேயே நாங்கள் மூன்று நான்கு தேசம் மாறியிருக்கிறோம்.

நடுவில் வளர்வது முழுக்க வேதனை என்றும் சொல்ல மாட்டேன். பௌஷ மாதப் பௌர்ணமியன்று சத்தீஸ்கரில் சேர்சேரா நடக்கும். பிள்ளைகள் பையோடு வீடு வீடாகப் போய், களஞ்சியத்து நெல்லை அள்ளிப் போடச் சொல்லிக் கத்துவோம், 'இல்லை' என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு வருஷம் நான் அங்கே நெல் வாங்கிக்கொண்டிருந்த அதே நாளில் எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா, காவடிக் கூட்டத்தோடு நடந்து பழனி போய்ச் சேர்ந்திருந்தார். சில வருஷங்களில் தைப்பூசமும் சேர்சேராவும் ஒரே பௌர்ணமியில் வரும், 2024இல் கூட ஜனவரி 25 அன்று இரண்டும் சேர்ந்துதான் வந்தன. அப்புறம் ஆவாரம்பூ. வாரங்கலில் பதுக்கம்மா பண்டிகைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்தப் பூவைத் தட்டில் வட்ட வட்டமாக அடுக்கிக் கோபுரம் மாதிரி மேலே கொண்டுபோவார்கள், நானும் உட்கார்ந்து அடுக்குவேன். கல்யாணமாகி வந்த முதல் போகியன்று மாமியார் வீட்டுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் முன்னால் வைத்து, கொத்தாகக் கட்டச் சொன்னார். என் கை கட்டவில்லை. தரையில் வட்டமாக அடுக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு சுற்று அடுக்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மாமியார் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வந்தது பள்ளிபாளையம் பக்கம் ஒரு கிராமம். எல்லோரும் அன்பானவர்கள், அதில் குறையே சொல்ல முடியாது. விசேஷத்துக்குப் போனால் நாற்காலி போடுவார்கள், இலையில் முதல் பந்தியில் உட்கார வைப்பார்கள், எழுந்து ஒரு வாளியைத் தொட்டால் "நீங்க உக்காருங்க கண்ணு" என்று பிடுங்கிக்கொள்வார்கள். கொங்கில் ஒறம்பரை என்று ஒரு சொல் இருக்கிறது. சொந்தக்காரருக்கும் அதுதான், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும் அதுதான். நான் நான்கு வருஷம் அந்த இரண்டாவது அர்த்தத்திலேயே இருந்தேன். விருந்தாளியாக இருப்பதைப் போலத் தனிமை வேறு இல்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று மாநிலத்தில் அதைத்தான் செய்திருக்கிறேன்.

ஐந்தாவது வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு, அதாவது திருவிழாவுக்கு, கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். கம்பம் நட்டதிலிருந்து தினமும் விடியற்காலை பெண்கள் மஞ்சள் தண்ணீர் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவார்கள். நான் குடத்தோடு கிளம்பியபோது எதிர்வீட்டு ஆத்தா திண்ணையிலிருந்து கூப்பிட்டார். "ஏ கண்ணு, போறதுதான் போற, என்ற கொடத்தையும் எடுத்துட்டுப் போய் ஊத்திரு, முட்டி மடங்க மாட்டீங்குது." பித்தளைக் குடம், கழுத்துப் பக்கம் ஒரு நசுங்கல், வாயில் வேப்பந்தழை செருகியிருந்தது. அவருக்கு இரண்டு மருமகள்கள் உண்டு. இருந்தும் என்னிடம் கொடுத்தார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, சேலையெல்லாம் நனைந்து கோயில் போய்ச் சேர்ந்தேன். வரும்போது தழையை எங்கேயோ விட்டுவிட்டதற்கு நன்றாகத் திட்டும் வாங்கினேன். அன்றிலிருந்து இது என் ஊர். யார் கேட்டாலும் ஒரே வார்த்தையில் சொல்கிறேன்.

இதனால்தான், வெளியிலிருந்து வந்தவர்களை நல்லபடியாக நடத்துங்கள் என்று யாராவது எழுதினால் எனக்குப் போதவில்லை. நல்லபடியாக நடத்துவது முதல் பந்தி மாதிரி. ஒரு ஆளிடம் வேலை சொல்ல வேண்டும், நம்பி ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும், தவறு செய்தால் வீட்டுப் பிள்ளையைத் திட்டுவது போல உரிமையோடு திட்ட வேண்டும். 'இது என் ஊர்' என்பது மனசுக்குள்ளிருந்து வருகிற உணர்ச்சி என்று நினைத்து வருஷக்கணக்கில் உள்ளேயே தேடினேன். எனக்கு அது எதிர்த்திண்ணையிலிருந்துதான் வந்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மகளின் வகுப்புத் தோழி. அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து வந்து பக்கத்து மில்லில் வேலை செய்கிறார்கள். பிள்ளை பேசுவது அசல் நம்ம ஊர்ப் பேச்சு, "ஏனுங்க்கா, அவ ஊட்ல இருக்கறாளா?" என்றுதான் வாசலில் நிற்பாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் இந்திக்காரி. அவள் வீட்டில் பேசுவது ஒடியா, இந்தியே கிடையாது. லீவுக்கு ஊருக்குப் போனால் அங்கே மதராஸி என்கிறார்களாம். அவள் அதைச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட இரண்டு பெயரும் ஒரு எழுத்து மாறாமல் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கின்றன. திருச்செங்கோட்டிலும் பள்ளிபாளையத்திலும் திருப்பூரிலும் இப்படி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்! நாடெல்லாம் போய்ப் பிழைத்த ஊர்க்காரர்கள் நாம், வடக்கன் என்ற வார்த்தை நம் வாயிலிருந்து வரவே கூடாது.

இந்த வருஷ நோம்பிக்கு அவளிடம், "உங்கம்மாளையும் கூட்டிட்டு வா, எதிர்வீட்டு ஆத்தா கொடத்தைத் தூக்க ஆள் வேணும்" என்றேன். ஆறு மணிக்கு வரச் சொன்னதற்கு ஐந்தே முக்காலுக்கே இருவரும் தலைக்குக் குளித்து வந்து நின்றார்கள். ஆத்தா குடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "வேப்பந்தழை எங்கடி? வெறுங்கொடத்தைத் தூக்கிட்டுப் போறதுக்கா வந்த? ஓடு ஓடு" என்று சத்தம் போட்டார். பிள்ளை ஓடினாள். எந்த வேலியில் கைக்கு எட்டுகிற வேம்பு நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.