எக்ஸெல் போகிற ரோட்டுக்கு எதுக்குங்க அட்வென்ச்சர் பைக்?

ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ ஏதாவது ஒரு மண் ரோட்டோரம் அரைமணி நேரம் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வரும். ஓட்டுகிறவர் காலில் ரப்பர் செருப்பு, கைலியை மடித்துக் கட்டியிருப்பார், டயர் பாதி வழுக்கை. அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார். அதே ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை பதினைந்து பைக் வரிசையாக வரும். முதல் சரளை இறக்கத்தில் ஒருவர் சாய்வார். அவர்மேல் ஏறிவிடக் கூடாதே என்று பின்னால் வந்தவர் பிரேக்கை அமுக்கி அவரும் சாய்வார். டீக்கடையில் உட்கார்ந்து முட்டியில் மருந்து போடும்போது பேச்சு நேராக அங்கே போய் நிற்கும்: "இந்த ரோட்டுக்கெல்லாம் ஆஃப்ரோடு வண்டிதான் மச்சான் சரி."

சரியில்லை மச்சான். ஸ்பிளெண்டர், ஜிக்ஸர், எஃப்இசட், அப்பாச்சி, கிளாசிக் எதுவானாலும் நாம் வார இறுதியில் போகிற மண் ரோட்டுக்குத் தாராளமாகப் போதும். மண்ணில் முதலில் பார்க்க வேண்டியது எடை. ஸ்பிளெண்டர் 112 கிலோ, கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. சாய்ந்த வண்டியை வெயிலில் மூன்றாவது தடவை நிமிர்த்தும்போது இந்த 83 கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரியும். (புல்லட் அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நீங்களும் வரலாம், மெதுவாக.) ஆட்களைச் சாய்ப்பது பெரும்பாலும் கூட்டம் போகிற விதம். ஈசிஆர் மாதிரி தார் ரோட்டில் ஓட்டிப் பழகிய வரிசையை அப்படியே மண்ணுக்குக் கொண்டுவருவதுதான் கோளாறு.

தார் ரோட்டில் முன்னவருக்கும் நமக்கும் இரண்டு வினாடி இடைவெளி விட்டு, இடம் வலமாக மாறி மாறி வரிசை கட்டுவோம். மண்ணில் அந்த இரண்டு வினாடியும் முழுக்கத் தூசிக்குள் போய்விடும். குழி தெரியாது, கல் தெரியாது, முன்னவர் நின்றுவிட்டாரா என்பதும் தெரியாது. பிரேக் பிடித்து நிற்கிற தூரமோ தாரைவிட மிக அதிகம். அதனால் இடைவெளியை மீட்டரில் அளக்காதீர்கள், தூசியில் அளந்துகொள்ளுங்கள்: முன்னவர் கிளப்பிய தூசி படிந்து தரை தெரிந்த பிறகுதான் நீங்கள் போக வேண்டும். பக்கவாட்டில் காற்றடித்தால் நாலைந்து வினாடியில் விலகிவிடும். காற்றே இல்லாத காலையில் இரண்டு பக்கமும் மரம் அடைத்த ரோட்டில் கால் நிமிடம்கூட நிற்கும். நின்றால் நிற்கட்டும், காத்திருங்கள்.

அப்படி விட்டால் கூட்டம் சிதறாதா? சிதறும், சிதறத்தான் வேண்டும். வழி தவறாமல் இருக்க ஒரு ஏற்பாடு போதும். வழி தெரிந்தவர் முதலில், டூல் கிட்டும் முதலுதவிப் பையும் வைத்திருக்கிற நிதானமான ஆள் கடைசியில். இந்த இருவரும் கடைசிவரை இடம் மாற மாட்டார்கள். ரோடு பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், அப்போது இரண்டாவதாக வருகிறவர் ஓரமாக நின்றுவிடுவார். எல்லோருக்கும் கையைக் காட்டி வழி சொல்லிவிட்டு, கடைசி ஆள் கண்ணில் பட்டதும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் வேறொருவர் இரண்டாவதாக இருப்பார், அவர் நிற்பார். போன் சிக்னல் தேவையில்லை, ஹெல்மெட் இன்டர்காம் தேவையில்லை. கெடுப்பவர் ஒரே ஒருவர்தான்: "கடைசி ஆள் வந்துடுவாருப்பா" என்று காத்திராமல் கிளம்புகிறவர். அவரை அடுத்த வாரம் கூப்பிடாதீர்கள்.

ஆள் கணக்கு ஆறு. எட்டைத் தாண்டினால் இரண்டு அணியாகப் பிரித்து அரைமணி இடைவெளியில் கிளப்புங்கள். பதினைந்து பேர் என்றால் பதினைந்து பஞ்சர் வாய்ப்பு, பதினைந்து ஒன்னுக்கு, பதினைந்து போட்டோ. மண் ரோட்டில் நிற்காமல் ஓட்டினாலே சராசரி மணிக்கு 20–25 கிலோமீட்டர்தான் வரும். 60 கிலோமீட்டர் என்றால் ஓட்டம் மட்டும் மூன்று மணி நேரம், நிறுத்தங்களோடு ஐந்து. மேப் காட்டுகிற நேரத்தை நம்பித் திட்டம் போட்டவர்கள்தான் இருட்டில் மலையிறங்குகிறார்கள். முதல் கியரிலும் இரண்டாவதிலும் உருட்டுவதால் மைலேஜும் இறங்கும். மலையேறும் முன் அடிவாரத்திலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள்.

இனி காற்று. தார் ரோட்டுக்கு முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ என்று அடித்த காற்றோடு சரளையில் இறங்கினால் டயர் கோலிக்குண்டு மேல் உருள்கிற மாதிரி இருக்கும். டியூப்லெஸ் டயர் என்றால் முன்னால் 22, பின்னால் 24 வரை இறக்கலாம். டயர் தரையில் பரவி உட்காரும், கல்மேல் தாவாமல் மடங்கிக்கொடுக்கும். டியூப் உள்ள வண்டியில் இன்னும் இரண்டு கூட்டியே வையுங்கள். காற்று குறைந்தால் ரிம்மின் மேல் டயர் நழுவும், கூடவே டியூபையும் இழுக்கும், வால்வு கழுத்து பிய்ந்துவிடும். அந்தக் கிழிசலுக்கு ஒட்டு கிடையாது, டியூபையே மாற்ற வேண்டும். கூர்ப்பாறை நிறைந்த ரோட்டில் அலாய் வீல் வண்டிக்கு ரொம்ப இறக்கவும் கூடாது, ரிம் அடிவாங்கி வளைந்தால் காற்று நிற்காது. திரும்பத் தார் ரோடு ஏறியதும் பழைய அளவுக்கு அடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு வண்டிக்கு ஒரு கைப்பம்போ, பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்போ இருந்தால் போதும். அளவுமானி தனியாக ஒன்று இருக்கட்டும். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவாகாது.

பிரேக் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டுவிட்டுப் பிடிக்கிற ஏற்பாடு) கட்டாயம். ஆனால் 150, 160 சிசி வண்டிகளில் நிறைய முன்சக்கரத்துக்கு மட்டும்தான் வரும். "ஒற்றைச் சேனல்தானா?" என்று ஷோரூமில் உதட்டைப் பிதுக்குகிற அதே வண்டி மண்ணில் வசதியானது. பின்சக்கரத்தை வேண்டுமென்றால் பூட்டி இழுக்கலாம், முன்சக்கரம் வழுக்காமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்து, அணைக்கும் சுவிட்ச் இல்லாத வண்டியில்தான் கவனம் வேண்டும். தளர்ந்த மண்ணில் பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் விட்டுவிட்டுப் பிடிப்பதால் குவியல் சேராது, வண்டி வழுக்கிக்கொண்டே போகும். சிலர் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். சாயங்காலம் தார் ரோட்டில் ஏறும்போது திரும்பச் சொருக மறந்துபோகும். மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான். இறக்கத்தில் முதல் கியர், கிளட்சைத் தொடாதீர்கள், இன்ஜினே பிடித்துக்கொள்ளும். பின்பிரேக் லேசாக. முன்பிரேக் இரண்டு விரலால், வண்டி நேராக இருக்கும்போது மட்டும். திருப்பத்துக்குள் முன்பிரேக் தொட்டால் அடுத்த நொடி தரையில் இருப்பீர்கள்.

மண் ரோடு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. நம் பக்கம் அதிகம் எதிர்ப்படுவது பாதி போட்டுவிட்டுப் போன ரோடு: ஜல்லியைக் கொட்டி, ரோலர் பாதி ஓடி, தார் எப்போது வருமோ என்று கிடக்கும். அதில் ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்தால் தொலைந்தோம். முழங்காலால் டேங்கைப் பிடித்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, இரண்டாவது கியரில் ஒரே சீராக. முன்சக்கரம் ஆடும், ஆடட்டும். டிராக்டர் ஓடிய தடம் இருந்தால் ஏதாவது ஒரு தடத்தில் இறங்கி அதிலேயே இருங்கள். மாற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து ஓரளவு குறுக்காகத் திருப்பி ஏறுங்கள். சாய்வாக உரசிக்கொண்டே ஏறப் பார்த்தால் முன்சக்கரம் தடத்தின் விளிம்பிலேயே வழுக்கும்.

மணல் வேறு கதை. சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துத் தேரியில் அந்தச் செம்மணலுக்குள் ரோட்டு டயர் கத்தி மாதிரி இறங்கும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஆக்சிலேட்டரை விடாமல் போக வேண்டும். விட்ட நொடியில் எடையெல்லாம் முன்னால் விழுந்து சக்கரம் புதையும். புதைந்த பின் முறுக்கினால் குழிதான் ஆழமாகும். பெட்ரோல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வண்டியைப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்து, குழியை மண்ணால் மூடி, நிமிர்த்தி, பக்கத்தில் நடந்தபடி முதல் கியரில் வெளியே எடுங்கள். கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசலோ மழை பெய்த மறுநாள் யாருக்கும் ரோடு இல்லை. ரோட்டு பைக்கில் முன் மட்கார்டு டயரை ஒட்டியே இருக்கும். கரிசல் அந்த இடுக்கில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே பூட்டிவிடும். போல்ட்டில் வாஷர் கொடுத்து மட்கார்டை ஒரு விரல் உயர்த்தலாம், ஒரு குச்சி வைத்துக்கொண்டு அடிக்கடி நோண்டலாம். இரண்டையும்விட நல்லது, வேறு வாரம் போவது.

ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் எல்லோரும் பிடிப்பது முன்பிரேக். அங்கே எடை முழுக்கப் பின்சக்கரத்தில் இருப்பதால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டே பின்னால் சறுக்கும். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் கிளட்சை விட்டுவிடுங்கள். வண்டி கியரிலேயே நிற்கும். பிறகு ஒருவர் வந்து பின்னால் பிடித்துக்கொள்ள நிதானமாக யோசிக்கலாம். விழுந்த வண்டியை எடுக்கும் முன் கில் சுவிட்சைப் போட்டு இன்ஜினை அணையுங்கள். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய் விழும். நிமிர்த்திய பின் ஸ்டார்ட் ஆகவில்லையே என்று செல்ஃபை அழுத்தி அழுத்திப் பேட்டரியைத் தீர்த்துவிடாதீர்கள். எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் சாய்ந்தால் இன்ஜினை நிறுத்துகிற சென்சார் ஒன்று உண்டு. சாவியை அணைத்து மறுபடி போட்டால்தான் அது விடும். இது தெரியாமல் மெக்கானிக்கைத் தேடி மலையிறங்கியவர்கள் உண்டு.

உடைவது பெரும்பாலும் லீவர். கிளட்ச், பிரேக் லீவர்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முழுசாக முறுக்காமல், கையால் பலமாகத் தட்டினால் சுழல்கிற அளவுக்கு விடுங்கள். விழும்போது உடையாமல் திரும்பிக்கொள்ளும். அப்படியும் மாற்று லீவர் இரண்டு, கிளட்ச் கேபிள் ஒன்று, செயின் லாக் ஒன்று, அந்த வண்டிக்கான ஃபியூஸ் கையில் இருக்கட்டும். 10-11, 12-13, 14-15, 16-17 ஸ்பானர், ஆலன் கீ செட், ஸ்பார்க் பிளக் ஸ்பானர், கட்டுக்கம்பி, கேபிள் டை. பின் ஆக்சில் நட்டுக்கு என்ன அளவு என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பஞ்சர் அன்று பத்து ஸ்பானர் இருந்து அந்த ஒன்று இருக்காது. இன்ஜினுக்கு அடியில் கல்லடித்து ஆயில் கசிந்தால் எம்-சீல் என்கிற ஓட்டை அடைக்கும் பசை காப்பாற்றும். இடத்தைப் பெட்ரோல் துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துவிட்டு அப்பி, இறுகும்வரை பொறுக்க வேண்டும். கூட்டத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் போதும். அடியில் இரும்புத் தகடு ஒன்று வெல்டிங் கடையில் அடித்து மாட்டிவிட்டால் இந்தக் கவலையே இல்லை, ஆயிலை வடிக்கிற டிரெயின் போல்ட் பக்கம் மட்டும் ஓட்டை விடச் சொல்லுங்கள்.

கணுக்காலை மூடும் பூட்ஸ் இல்லாதவர் வரவே வேண்டாம் என்பது என் கட்சி. மெதுவாகச் சாய்கிற வண்டி நேராகக் கணுக்கால் மேல்தான் படுக்கும். எக்ஸெல்காரர் செருப்பு போட்டிருக்கிறாரே என்றால், அவர் அந்த ரோட்டில் தினம் இரண்டு வேளை போகிறவர்.

அந்த ரோடும் அவருடையதுதான். ரோட்டோரம் சாமை காயும், புளி காயும், வாசலில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஊருக்குள் 15க்கு மேல் போகாதீர்கள், நம் தூசி அவர்கள் சோற்றில் விழும். செயின் கேட் போட்ட காட்டு வழியில் சந்து பார்த்து நுழைவது சாகசமல்ல. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். மாசி, பங்குனியில் காய்ந்த புல்மேல் சூடான சைலன்சரோடு வண்டியை நிறுத்தவும் கூடாது.

வீடு திரும்பியதும் வாட்டர் சர்வீஸில் விட்டு வீல் பேரிங்கிலும் செயினிலும் பிரஷர் தண்ணீர் அடிக்கச் சொல்லாதீர்கள், தூசி உள்ளேதான் போகும். செயினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்த பின் எண்ணெய் விடுங்கள். கிளம்பும் முன் நிறைய எண்ணெய் விட்டவர் செயினில் இப்போது உப்புத்தாளே ஒட்டியிருக்கும். ஸ்போக் வீலானால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பானரால் தட்டிக் கேளுங்கள், மந்தமாகச் சத்தம் வருவது தளர்ந்தது. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டரானால் கம்ப்ரசர் காற்றில் ஊதக் கூடாது, அழுக்கு ஏறியிருந்தால் புதிது மாற்ற வேண்டியதுதான்.