ரயில் போனதில கேக்கேல்லை

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் செவ்வாய்க்கிழமை பின்னேரம், கொழும்பு வெள்ளவத்தையில். கடற்கரைப் பக்கத் தொடர்மாடி, நாலாம் மாடி, லிஃப்டை நம்ப ஏலாது. வாசலில் செருப்பை எண்ணினால் பத்துப் பன்னிரண்டு சோடிதான். ரயில் போகும்போது ஜெபிக்கிறவர் நிறுத்திவிட்டுத் தொடர்வார். கடைசியில் பிளேன்டீயும் பட்டிஸும். பட்டிஸுக்காக வருகிறவர்களும் உண்டு, வரட்டும்.

"யூடியூப்பில எவ்வளவு நல்ல பிரசங்கம் கிடக்கு, ஏன் இதுக்கு மினக்கெடுறாய்?" என்று போன கிழமை ஒரு நண்பன் கேட்டான். பிரசங்கத்துக்கு யார் போனது? எங்கள் கூட்டத்தில் அது சுமார்தான்.

சொஸ்தமடைய வேண்டுமானால் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்கிறது யாக்கோபு 5:16. நாங்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். ஜெபக்குறிப்பு கேட்டால் சுகர், பிள்ளையின் விசா, வீட்டு வாடகை. நானும் இரண்டு வருடமாகச் சுகரைத்தான் சொன்னேன். ஊர்க் காணிப் பிரச்சினையில் அண்ணாவோடு ஆறு வருடமாகக் கதைக்காததைச் சொல்லவில்லை.

பயம்தான். முன்பு போன ஒரு சபையில் மனைவி சொன்ன ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப்பில் சுற்றி, ஞாயிறுக்குள் கனடாவிலிருந்து "என்ன நடந்தது?" என்று போன் வந்தது. ஐக்கியம் என்ற பெயரில் நடக்கிற இந்த அநியாயத்தைப் பற்றிப் போதகர்மார் வாய் திறப்பதில்லை.

1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்த சபையார் ஆலயக் கட்டடக் கடனை அடைக்க 12 பேருக்கு ஒரு தலைவரை வைத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி சேர்க்க வீடு வீடாக அனுப்பினார்கள். காசுக்குப் போனவர்கள் ஒரு வீட்டில் குடியையும் இன்னொரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டையையும் கண்டார்கள். காசைவிட, இப்படிச் சின்னக் குழுவாக ஒருவரையொருவர் விசாரிப்பதுதான் எங்களுக்கு வேண்டியது என்று அவர்களின் தலைவர் ஜோன் வெஸ்லிக்குப் பொறி தட்டியது. அந்த மெதடிஸ்தரின் மிஷனரிமார்தான் 1814இல் இங்கே இலங்கைக்கு வந்தார்கள். ஐந்நூறு பேருக்குள் ஒளியலாம், பன்னிரண்டு பேருக்குள் ஏலாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு ஆன்ரி, எழுபது தாண்டியவர், ஞாயிறு ஆராதனையில் முதல் வாங்கு. ஒருநாள் திடீரென்று, "எனக்கு மருமகளை இன்னும் மன்னிக்க ஏலாமக் கிடக்கு. பொய் சொல்லி என்ன பிரயோசனம்" என்றார். நல்லவேளை, ஒருவரும் வசனம் எடுத்து விடவில்லை. ஃபேன் சத்தம் மட்டும்.

எனக்கும் வாய் திறந்தது. காணி, அண்ணா, அம்மாவின் செத்தவீட்டில்கூட முகம் பார்க்காதது. பாதியில் ரயில் வந்தது. நான் நிறுத்தவில்லை, அந்தச் சத்தத்துக்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டேன். யாருக்கும் கேட்டிருக்காது என்று ஒரு நிம்மதி. ஆன்ரி காதில் கையை வைத்து, "ரயில் போனதில கேக்கேல்லைத் தம்பி, திரும்பச் சொல்லும்" என்றார்.

இரண்டாந்தரம் சொல்லும்போதுதான் அழுதேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சாட்சி சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. அண்ணாவுக்கு மூன்று தரம் எடுத்தேன். மூன்றாந்தரம், "சாப்பிட்டியோ?" என்றார். இங்கே யாரும் இதை வெளியே கொண்டுபோகவில்லை. செவ்வாய்தோறும் பிளேன்டீயை நீட்டும்போது, "அண்ணாவோட கதைச்சனீரோ?" என்று ஆன்ரி மெதுவாகக் கேட்பார். நானும் மருமகளைப் பற்றிக் கேட்பேன்.

"பேசாமப் பட்டிஸைச் சாப்பிடும்" என்பார்.